பிதுருதலாகலையில் ஹேர்மன் ஹெஸ்ஸே

மழை பெய்யும் இரவுகளில் உறக்கமின்றித் தவித்த காலம் ஒன்று எனக்கு இருந்தது. மழையிலே பிறந்து மழையிலே வளர்ந்த ஒருவன் இவ்வாறு சொல்வது நகைப்புக்கு இடமாகலாம். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்திலே பிறந்து, அற்றனை அடுத்த பாடசாலைகளில் 35 ஆண்டுகள் ஆசிரியத் தொழில் பார்த்து ஓய்ந்தவன் நான். தகரக் கூரையின்மேல் மழை விழும் ஓசையே என் முதல் தாலாட்டு எனலாம். அவ்வோசை நெஞ்சைப் பிசையும் அச்சமாக மாறியது 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாளுக்குப் பின்னரே. அன்று காலை கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. என் பழைய மாணவன் ஒருவன் அங்கே மணமுடித்துப் போயிருந்தான். சில நாட்களின் பின் அரிசியும் துணியும் திரட்டிச் சென்றவர்களோடு நானும் சென்றேன். வீடுகள் இருந்த இடத்தில் சிவந்த சேறு மட்டும் கிடந்தது. திரும்பி வந்த இரவே மழை தொடங்கியது. அன்று தொட்டு, மழைத்துளி கூரையைத் தொட்டதும் என் இதயம் படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், எங்கள் லயத்துக்கு மேலே உள்ள மலை இப்பொழுதே இறங்குகிறது என்று எண்ணம் ஓடும்.

மருத்துவர் மாத்திரை தந்தார். அதனால் பயனும் கண்டேன். ஆயினும் எனக்கு உற்ற துணையாக வந்தவர்கள் வேறு இருவர். ஒருவர் எழுத்தறியாத என் தாய். அவர் மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. மற்றவர் நோபல் பரிசு பெற்ற ஜேர்மன் மொழி எழுத்தாளர் ஹேர்மன் ஹெஸ்ஸே. இவ்விருவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவதற்கு அறிஞர்கள் என்னைப் பொறுத்தருள்க.

திருலோக சீதாராம் தமிழில் தந்த சித்தார்த்தன் கதையை மாணவப் பருவத்திலேயே படித்திருக்கிறேன். ஆற்றங்கரையில் அமர்ந்து நீரோசையைக் கேட்கக் கற்றுக்கொடுக்கும் ஓடக்காரன் வாசுதேவனை யார்தான் மறப்பார்? ஆனால், அந்தக் கதையை எழுதியவர் எங்கள் நுவரெலியாவுக்கு வந்து, எங்கள் பிதுருதலாகலையில் ஏறி நின்றவர் என்ற செய்தி எனக்குப் பிற்காலத்திலேதான் தெரிந்தது. தெரிந்த பின்னர் அவர் வாழ்க்கையைத் தேடித் தேடிப் படித்தேன். நரம்புகள் நொந்த ஒரு மனிதர் தம்மைச் சூழ்ந்துள்ள உலகத்தின்மீது கருத்தை ஊன்றி உயிர் தப்பிய வரலாறாகவே அது எனக்குத் தோன்றியது.

ஹெஸ்ஸே 1877ஆம் ஆண்டு யூலை 2ஆம் நாள் தென்ஜேர்மனியில், வூர்ட்டெம்பெர்க் நாட்டைச் சேர்ந்த கால்வ் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருக்கும் நம் பக்கத்து மண்ணுக்கும் உள்ள தொடர்பு பிறப்புக்கு முன்பே தொடங்கியது. தாய்வழிப் பாட்டனார் ஹேர்மன் குண்டெர்ட், 1872இல் வெளிவந்த மலையாள-ஆங்கில அகராதியின் ஆசிரியர். கேரளத்தார் இன்றும் போற்றும் அப்பெரியார் 1836இல் சென்னையில் வந்திறங்கி, திருநெல்வேலியிலும் சித்தூரிலும் பணியாற்றித் தமிழ் கற்ற பின்னரே மலையாளக் கரைக்குப் போனார் என்பதை நம்மவர் பலர் அறியார். தாயார் மேரி பிறந்தது தலைச்சேரியில். தந்தையார் யொகான்னசும் மங்களூரில் சில ஆண்டுகள் மிஷனரியாக இருந்து, உடல்நலம் கெட்டுத் திரும்பியவர். ஆகவே இந்தியா என்னும் சொல் அச்சிறுவனுக்குப் பாட்டனாரின் அலமாரியிலும் தாயின் பேச்சிலும் கலந்திருந்த வீட்டுச் சொல்லாகும்.

அவ்வீட்டில் அன்பும் இருந்தது, கண்டிப்பும் இருந்தது. பிள்ளையோ கட்டுக்கடங்காதவர். சமய ஊழியராக்கும் நோக்கத்துடன் 1891இல் மௌல்பிரொன் மடத்துப் பாடசாலையில் சேர்த்தார்கள். 1892 மார்ச் 7ஆம் நாள் அங்கிருந்து ஓடிப்போனார். உறைபனி கொட்டிய அவ்விரவைத் திறந்த வெளியில் கழித்து, மறுநாள் பிடிபட்டார். தலைவலி, உறக்கமின்மை, மனச்சோர்வு யாவும் ஒருங்கே பற்றிக்கொண்டன. அவ்வாண்டு யூன் மாதம் தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ள முயன்றார். அப்போது அவருக்கு 15 வயதுகூட நிரம்பவில்லை. ஸ்டெட்டன் என்னும் இடத்து மனநோய் இல்லத்தில் விடப்பட்ட அவருக்கு அங்கே தோட்டவேலை தரப்பட்டது. மண்ணைக் கிளறும் வேலை அந்த இளம்பிள்ளையைச் சிறிது அமைதிப்படுத்தியது என்பதைப் பின்வந்த அவருடைய வாழ்க்கையோடு சேர்த்துப் பார்க்கும்போது வியப்பாக இருக்கிறது. ஆசிரியனாக இருந்தவன் நான். பிள்ளைகள் ஓடிப்போன செய்தியைப் பலமுறை கேட்டவன். ஓடிய பிள்ளையைத் தேடிப் பிடிப்பதிலே காட்டும் வேகத்தை, ஏன் ஓடினான் என்று கேட்பதிலே நாம் காட்டுவதில்லை.

பிறகு கால்வ் நகரில் கோபுரக் கடிகாரம் செய்யும் பட்டறையில் ஓராண்டுக்கு மேல் அரத்தால் இரும்பை அராவினார். அதன்பின் டூபிங்கன் நகரில் புத்தகக் கடை ஊழியரானார். இந்த வேலைகளுக்கு நடுவேதான் எழுத்தாளரும் உருவானார். 1904இல் வெளிவந்த பேட்டர் காமென்சின்ட் என்னும் நாவல் புகழைத் தேடித் தந்தது. அவ்வாண்டே மேரி பெர்னூலி என்னும் மாதை மணந்து, கொன்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் கையென்ஹோஃபன் கிராமத்தில் குடியேறினார். அங்கே சொந்தமாக வீடு கட்டித் தோட்டமும் போட்டார். மூன்று ஆண்மக்கள் பிறந்தனர். வெளியார் கண்ணுக்கு நிறைவான வாழ்வு. உள்ளேயோ அமைதி இல்லை.

மூன்றாவது மகன் பிறந்து சில வாரங்களே ஆன 1911 செப்டெம்பரில், ஓவியரான நண்பர் ஹான்ஸ் ஸ்டூர்ட்செனெக்கருடன் ஜெனோவாத் துறைமுகத்திலிருந்து கப்பலேறினார். பாட்டனார் வாழ்ந்த கிழக்கைக் காண வேண்டும், மனம் ஆற வேண்டும் என்பதே நோக்கம். பினாங்கும் சிங்கப்பூரும் சுமாத்திராவும் பார்த்தார். வெப்பமும் வயிற்று நோயும் உறக்கமின்மையும் அவரை வாட்டின. இறுதியில் இலங்கைக்கு வந்து கண்டியில் தங்கினார். மழைக்காலம்; நோயும் தணியவில்லை. தலதா மாளிகையைக் கண்டார். அதன் சந்தடியிடையே தாம் தேடி வந்த அமைதியைக் காணவில்லை. தாயார் பிறந்த மலையாளக் கரையோ அடுத்த கடலுக்கு அப்பால் இருந்தது. உடலும் மனமும் ஓய்ந்துபோன அவர் அங்கே செல்லாமலே ஊர் திரும்புவதென முடிவு செய்தார். பாட்டனாரின் இந்தியாவைக் காண வந்தவர் அந்த இந்தியாவில் காலடி வைக்கவே இல்லை!

திரும்பு முன் விடைபெறும் முகமாக நுவரெலியாவுக்கு வந்தார். அக்காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரையில் குறுகிய இருப்புப்பாதை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது; இன்று அதன் தடத்தைக்கூடத் தேடவேண்டும். நகரம் கடல்மட்டத்துக்கு மேல் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பிதுருதலாகலையின் உச்சி 2524 மீற்றர். ஒரு காலைப்பொழுதில் ஹெஸ்ஸே அம்மலையில் ஏறினார்.

அம்மலையை நானும் அறிவேன். 1970ஆம் ஆண்டில் மாணவனாக இருந்தபோது நண்பர்கள் நால்வரோடு நடந்தே ஏறினேன். இன்று உச்சியில் தொலைக்காட்சிக் கோபுரமும் பாதுகாப்புப் படையினரும் இருப்பதால் அந்தப் பழைய நடைக்கு இடமில்லை. அன்றைக்குக் காடு தொடங்கிய சிறிது தொலைவிலேயே ஊரோசை அறுந்துவிட்டது. மரங்கள் உயரம் குறைந்து, முறுக்கிக்கொண்டு, பாசியைப் போர்த்து நின்றன. மகாரத்மல் என்று சிங்கள மக்கள் அழைக்கும் செம்பூ மரங்கள் இடையிடையே தெரிந்தன. பஞ்சுப் பொதி போன்ற பாசியைக் கையால் அழுத்தினால் விரலிடுக்கில் நீர் வடியும். உச்சிக்கு அருகே மூடுபனி எங்களைச் சூழ்ந்துகொண்டது. பின்னர் காற்று வீசித் திரை விலகியதும், தென்மேற்கே சிவனொளிபாதமலையின் கூம்பு நீல நிறமாக எழுந்து நின்றது. எங்களுள் ஓயாது பேசும் நண்பன் ஒருவன் கால்மணி நேரம் வாய் திறக்கவில்லை.

ஹெஸ்ஸே கண்டதும் இத்தகைய காட்சியையே. ஐரோப்பாவின் அல்பஸ் மலைகளில் அலைந்து பழகிய அவருக்கு, பனைகளும் கோயில்களும் வண்ணப் பறவைகளும் தராத ஒன்றை அந்தக் குளிர்ந்த, கரடுமுரடான உயரம் தந்தது. அந்தப் பயணத்தில் கண்ட எதனினும் அம்மலைக் காட்சியே தம் உள்ளத்தில் ஆழப் பதிந்ததாக அவர் எழுதியிருக்கிறார். அங்கேயே மற்றொன்றும் அவருக்குத் தெளிவாயிற்று. கிழக்கின் சொர்க்கத்தை அயலவர் ஒருவர் கப்பலேறி வந்து எடுத்துச் செல்ல இயலாது. அவரவர் சொர்க்கத்தை அவரவர் நாட்டிலேயே தேடவேண்டும் என்பது அது. 1913இல் வெளியான பயண நூலில் இம்மலையேற்றத்துக்குத் தனிக் கட்டுரை உண்டு.

மலையகத்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு குறை உண்டு. அவர் வந்த காலத்தில் மலைச்சரிவெங்கும் தேயிலை நிமிர்ந்துவிட்டது. என் பாட்டன்மாரும் பாட்டிமாரும் விடியற்காலைப் பெரட்டுக்கு நின்று, கூடையைத் தலையில் மாட்டி அச்சரிவுகளில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹெஸ்ஸேயின் நெஞ்சைத் தொட்டது அந்தக் கூடையன்று, காடும் மூடுபனியுமே. நாட்கணக்கில் தங்கிப்போன நோயாளி ஒருவரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்கலாம். நியாயமில்லைதான். இருந்தும் குறை குறையே.

ஊர் திரும்பிய அவருக்கு மலை தந்த அமைதி நிலைக்கவில்லை. 1914இல் உலகப்போர் மூண்டது. தேசவெறியை எதிர்த்து எழுதியதால் ஜேர்மன் பத்திரிகைகள் துரோகியென்று தூற்றின. பேர்ண் நகரிலிருந்து போர்க்கைதிகளுக்குப் புத்தகங்கள் அனுப்பும் பணியில் உழைத்து உழைத்து ஓய்ந்தார். 1916 மார்ச்சில் தந்தையார் இறந்தார். இளைய மகன் நோயுற்றான். மனைவியின் மனநிலையும் சீர்குலையத் தொடங்கியது. ஹெஸ்ஸே உடைந்துபோனார். லூசேர்ண் நகரை அடுத்த சிகிச்சை இல்லத்தில் யோசெப் லாங் என்னும் உளமருத்துவரிடம் சேர்ந்து, ஏறத்தாழ 60 அமர்வுகளில் உளப்பகுப்பாய்வு பெற்றார். வண்ணமெடுத்துத் தீட்டும்படி ஊக்கியவரும் அவரே.

அந்நாள் வரையில் தூரிகை பிடித்துப் பழகாத ஹெஸ்ஸே 40 வயதை நெருங்கும்போது நீர்வண்ண ஓவியம் தீட்டத் தொடங்கினார். 1919இல் குடும்பம் சிதறிய நிலையில், கையில் பொருளின்றித் தென் சுவிற்சர்லாந்தின் மொன்டஞோலா கிராமத்துக்குத் தனியே வந்து சேர்ந்தார். சிறு நாற்காலியும் வண்ணப்பெட்டியும் தூக்கிக்கொண்டு திராட்சைச் சரிவுகளில் அமர்ந்து, எதிரே நிற்கும் ஓட்டுக்கூரை, மல்பெரி மரம், ஏரிக்கு அப்பாலுள்ள மலை ஆகியவற்றைத் தீட்டினார். வாழ்நாளில் ஏறத்தாழ 3000 படங்கள் தீட்டினார் என்பர். அவற்றைப் பெருங்கலை என்று அவரே கருதவில்லை. ஒரு கூரையின் சிவப்பு எந்தச் சிவப்பு என்று உற்று நோக்கும் மனத்துக்கு அந்நேரம் தன் துயரத்தைச் சுற்றிச் சுழல அவகாசமில்லை. அதுவே அவர் கண்ட மருந்து.

இம்மருந்தின் செயற்பாட்டை இன்று ஓரளவு விளக்குகிறார்கள். அச்சம் தோன்றும்போது நம் உடலின் பரிவு நரம்புத் தொகுதி எழுச்சி கொள்கிறது, அதிரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது. அச்சம் உண்மையா கற்பனையா என்று உடல் விசாரிப்பதில்லை. காண்பது இன்னது, கேட்பது இன்னது, காலடியில் இருப்பது இன்னது என்று புலன்களை ஒவ்வொன்றாக வெளியே திருப்பி, மூச்சை நீளமாக விடும்போது பரபரிவுத் தொகுதி மேலோங்கி இதயத்தைத் தணிக்கிறது. மூச்சு உள்ளே போகும்போது இதயம் சற்று விரைவதையும் வெளியேறும்போது சற்றுத் தாமதிப்பதையும் தம் நாடியைத் தொட்டு எவரும் அறியலாம். 1984இல் ரொஜர் உல்ரிச் என்னும் அமெரிக்க ஆய்வாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் பித்தப்பைச் சத்திரசிகிச்சை பெற்ற 46 பேரில், யன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள் செங்கற்சுவரைக் கண்டவர்களைவிட முன்னதாக வீடு திரும்பினர். கடுமையான நோவு மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான், ஆனால் பலரைச் சிந்திக்க வைத்தது.

என் தாய்க்கு இவையெல்லாம் தெரியா. எனக்கு முன் பிறந்த பிள்ளையை அடைமழைக் காலத்தில் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர் அவர். மழையிரவுகளில் இஸ்தோப்பில் சாக்கை விரித்து எங்களையும் அருகில் இருத்திக்கொள்வார். தகரத்தில் விழும் நீர் எது, வாளியில் சொட்டுவது எது, கானில் ஓடுவது எது, கீழே ஓடையில் இரைவது எது என்று ஒவ்வொன்றாகப் பிரித்தறியச் சொல்வார். நாங்கள் அதை விளையாட்டென்றே எண்ணினோம். தம் நெஞ்சை ஆற்றிக்கொள்ளவே அவர் அவ்வாறு செய்தார் என்பது வாசுதேவன் கதையை முதுமையில் மறுபடி படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

அந்தக் கதையும் எளிதில் பிறக்கவில்லை. 1919இன் இறுதியில் தொடங்கிய சித்தார்த்தனை நடுவழியில் நிறுத்திவிட்டார். துன்புறுபவனை எழுதத் தெரிந்தது. துன்பத்தைக் கடந்தவனை எழுதத் தெரியவில்லை. இடையில் 1921இல் யுங் என்னும் பேரறிஞரிடமும் சிகிச்சை பெற்றார். 1922இல் நூல் நிறைவுற்றது. சித்தார்த்தன் ஆற்றங்கரைக்கு வந்தவுடன் ஞானம் பெற்றுவிடவில்லை. மகனைப் பிரிந்த புண்ணோடு நெடுநாள் அமர்ந்து கேட்கிறான். ஆற்றின் ஓசையில் அழுகையும் சிரிப்பும் பிரிந்து கேட்டு, முடிவில் ஒன்றாகின்றன.

நானும் 2014க்குப் பின் வந்த மழைகளில் தாயின் சாக்கை மறுபடி விரித்தேன். முதல் இரவுகளில் தோல்விதான். ஓசைகளைப் பிரிக்கும் முன்பே மனம் மீரியபெத்தைக்கு ஓடிவிடும். ஒரு மாதம் சென்றபின், கான் நீரையும் ஓடை நீரையும் பிரித்தறியும் அளவுக்கு நெஞ்சு அடங்கியது. அதன்பின் ஓரிரவு நடந்ததைச் சொல்லவேண்டும். மழை குறையாதிருக்க, ஓடையின் இரைச்சல் மட்டும் குறைந்தது. பழைய நானாக இருந்திருந்தால் நடுங்கிக்கொண்டு போர்வைக்குள் கிடந்திருப்பேன். அன்றோ கை நடுங்கவில்லை. விளக்கை எடுத்துப் போய்ப் பார்த்தேன். நீர் சிறுத்து, செம்மண் கலங்கி வந்தது. மேலே ஏதோ அடைபட்டிருக்கிறது. ஓடை திடீரென வற்றுவதும் கலங்குவதும் சரிவின் முன்னறிகுறிகள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் எச்சரிப்பது நினைவுக்கு வந்தது. 12 குடும்பங்களையும் எழுப்பிப் பாடசாலை மண்டபத்துக்கு அழைத்துச் சென்றோம். விடிந்து பார்த்தால் மேல்மலையில் சிறிய சரிவு ஒன்று. அது லயம்வரை வரவில்லை. சிலர் வீணாகத் தூக்கம் கெட்டதென்று முணுமுணுத்தார்கள். அன்று பகல் நான் நன்றாக உறங்கினேன்.

ஹெஸ்ஸே இத்தகைய கவனத்தால் எல்லா நோயும் தீர்ந்தவரல்லர். 1927இல் வெளிவந்த ஓநாய் மனிதனின் கதையைப் படித்தவர்கள் அவர் எத்தகைய இருளில் மறுபடி விழுந்தார் என்பதை அறிவர். இரண்டாம் திருமணமும் நிலைக்கவில்லை. கண்ணோவும் மூட்டுவாதமும் உறக்கமின்மையும் இறுதிவரை தொடர்ந்தன. ஆயினும் 1931இல் மூன்றாம் மனைவி நினோனுடன் மொன்டஞோலாவிலேயே புதிய வீட்டில் குடியேறிய பின்னர், ஒவ்வொரு நாளும் சில மணி நேரம் தோட்டத்தில் கழித்தார். களை பிடுங்குவதும், சருகைக் குவித்துத் தீ மூட்டுவதும், புகை எழுவதைப் பார்த்திருப்பதும் அவருக்குத் தியானமாயின. 1936இல் அத்தோட்டத்து நேரங்களைப் பற்றியே நீண்ட கவிதை ஒன்றை வெளியிட்டார். ஹிட்லரின் ஜேர்மனியிலிருந்து தப்பி வந்தவர்கள் அந்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்த காலம் அது. கண்ணாடி மணி விளையாட்டு என்னும் பெருநாவல் 1943இல் வந்தது. 1946இல் நோபல் பரிசு கிடைத்தது. உடல்நலம் இடந்தராமையால் பரிசைப் பெற அவர் நேரில் செல்லவில்லை.

1962ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில், 85 வயது நிறைந்த ஹெஸ்ஸே வீட்டருகே நடக்கும்போதெல்லாம் ஒரு மரத்தில் முறிந்து தொங்கிய கிளையைக் கவனித்து வந்தார். காற்றில் அது கிறீச்சிடுவதைக் கேட்டார். இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று அறியத் தொட்டுப் பார்த்தார். அக்கிளையைப் பற்றி ஒரு சிறு கவிதை எழுதி, அதை இருமுறை திருத்தினார். 8ஆம் நாள் மாலை வானொலியில் மோட்சார்ட்டின் பியானோ இசை கேட்டு உறங்கப் போனார். 9ஆம் நாள் காலை உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. சான்ட் அபொண்டியோ தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். கிளையைப் பற்றிய கவிதையின் இறுதி வடிவம் அவர் வீட்டில் இருந்தது.